முகம் தெரியுமட்டும் மினுக்கிய கோதுகள்

கிறிஸ்துநாயகத்தாரை லிப்டுக்குள் மறித்து, "அண்ணை, எங்க வேலை?" என்று யாராவது கேட்டால், "பித்தளை மினுக்கிறன்" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வராது. கனடாவில், சென் ஜேம்ஸ் ரவுணில் அவர் இருந்த கட்டடத்தில் பாதிப் பேர், மனுசன் ஏதோ ஒரு கோயிலில் விளக்குத் துடைக்கிறார் என்றே நினைத்திருந்தார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும் என்று அவரும் விட்டுவிட்டார்.

விளக்கும் இல்லை, கோயிலும் இல்லை. ஸ்காபரோவில் கார் திருத்துகிற கடைகளுக்கு நடுவே எட்வேட் என்ற வெள்ளைக்காரரின் கடை ஒன்று இருந்தது. பலகையில் குறி வைத்துச் சுட்டுப் பழகுகிறவர்களும், இலை உதிர்கிற காலத்தில் மான் வேட்டைக்குப் போகிறவர்களும் அங்கே வருவார்கள். சுட்டு முடிந்த வெற்றுத் தோட்டாக்களை, நம்முடைய பேச்சில் சொன்னால் கோதுகளை, வாளி வாளியாகக் கொண்டுவந்து கொட்டுவார்கள். அது பித்தளைக் கோது. ஒருமுறை சுட்டவுடன் அதன் சீவியம் முடிந்துபோவதில்லை. மினுக்கி, புது வெடிமருந்தும், பாய்ந்து போகிற முனைக்குப் புதுச் சன்னமும் வைத்தால் திரும்பவும் சுடலாம். அந்த மினுக்குகிற பங்குதான் நாயகத்தாருடையது.

துவக்கு வெடிச் சத்தத்துக்குப் பயந்து கடல் தாண்டி ஓடிவந்த மனுசனுக்கு, ஓடிவந்த இடத்தில் கிடைத்த வேலையைப் பாருங்கள்! கடவுளுக்கும் சில நேரம் பகிடி கூடிப்போகிறது.

வேலை பெரிய வித்தையில்லை. கையுறை போட்டு, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, கோதுகளை அளவு அளவாகப் பிரிக்க வேண்டும். அடியில் எரிந்துபோய் இருக்கிற சின்ன மூடியைத் தட்டி வெளியே எடுக்க வேண்டும். பிறகு அண்டா போன்ற ஒரு மெஷினுக்குள், சோளப்பொத்தியின் தண்டை அரைத்த தூளோடு சேர்த்துப் போட்டு மூடினால், அது பாட்டுக்கு நடுங்கிக் குலுங்கிக் கரியைத் தின்றுவிடும். பின்னேரம் அரிதட்டில் கொட்டி அரித்து, ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்து வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

முதல் நாளே எட்வேட் சொல்லிவிட்டார். "கிறிஸ், மெஷின் மட்டும். வேறு ஒன்றும் வேண்டாம்." ஏன் என்று சொல்லவில்லை. நாயகத்தாரும் கேட்கவில்லை. மெஷினிலிருந்து வருகிற கோதுகள் துப்பரவாக இருந்தனவே தவிர, அவருடைய கண்ணுக்கு அது மினுக்கமே இல்லை. மங்கல். தோய்த்த சட்டைக்கும் இஸ்திரிப்பெட்டியால் அழுத்திய சட்டைக்கும் உள்ள வித்தியாசம். 'பாவம், உவருக்குப் பித்தளை தெரியாது' என்று எட்வேட்டை நினைத்து மனதுக்குள் இரக்கப்பட்டுக்கொண்டார். பித்தளை தெரிந்த குடும்பமல்லவா இவருடையது!

மன்னார்க் கரையில் அவருடைய ஊர்க் கோயிலில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பொறுப்பு. ஒரு வீடு கொடிக்கயிறு, ஒரு வீடு பந்தல், ஒரு வீடு மாதாவின் சுரூபக் கூடு தூக்குவது. பெருநாளுக்கு முந்தின கிழமை பீடத்து மெழுகுதிரித் தண்டுகளை மினுக்குவது நாயகத்தாரின் வீடு. வேறு யாரும் தொடக்கூடாது, தொட்டால் சண்டை. முற்றத்தில் சாக்கை விரித்து, தகர ரின்னில் வருகிற பித்தளைப் பொலிஷைத் துணியில் ஊற்றி, அவர் உரஞ்சுவார். மூக்கைப் பிடுங்குகிற அந்த மணம் வந்தால்தான் ஊருக்குப் பெருநாள் வந்தது என்று கணக்கு. அவர் உரஞ்சிக் கொடுப்பதைப் பழைய சேலைத்துணியால் துடைப்பது அவருடைய மனுசி எமில்டா.

துடைத்து முடித்ததும் எமில்டா தண்டின் அகன்ற அடியைத் தன் முகத்துக்கு நேரே பிடிப்பாள். "முகம் தெரியேல்லை" என்றால் திரும்பவும் உரஞ்ச வேண்டும். கை உளைந்தாலென்ன, இருட்டுப் பட்டாலென்ன, அவளிடம் இரக்கம் கிடையாது. முகம் தெரிந்தால் மட்டும், இனிப் போதுமென்று, "காணும்" என்பாள். கோயில் மூப்பர்கூட, "எமில்டா முகம் பாத்தாச்சோ?" என்று கேட்டுத்தான் தண்டுகளைப் பீடத்தில் ஏற்றுவார். கலியாணம் கட்டிய முதல் வருசத்தில், முகம் நன்றாகத் தெரிந்த பிறகும் அவள் இரண்டு தரம் "தெரியேல்லை" என்று சொன்னதுண்டு. நாயகத்தார் உரஞ்சுகிறபோது நெற்றியில் விழுகிற மயிரைப் பார்த்துக்கொண்டிருக்க அவளுக்கு ஆசை. அதை அவளே பிறகு சொன்னாள்.

தொண்ணூறாம் ஆண்டு சண்டையில் ஊர் கலைந்தது. எல்லோரும் மடுக் கோயில் வளவுக்கு ஓடினார்கள். அங்கே கொட்டிலுக்குள் எமில்டாவின் தாய் படுத்த படுக்கை. விட்டுவிட்டு வர முடியாது. நாயகத்தார் மட்டும், வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரனோடு புறப்பட்டார். "நீங்கள் போய்ச் சேருங்கோ, நான் பின்னால வாறன்" என்று சொன்னாள். பின்னால் என்ற அந்தச் சொல் ஏழு வருசம் நீண்டுபோகும் என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தால், அவர் பேருந்தின் படியில் கால் வைத்திருக்கவே மாட்டார்.

தாய் காலமான பிறகு அவள் கொழும்புக்கு வந்து லொட்ஜில் தங்கினாள். அவளைக் கனடாவுக்குக் கூப்பிட நாயகத்தார் ஸ்பொன்சர் பண்ணினார். அதற்கு நிரந்தர வேலை வேண்டும், அரசாங்கம் தருகிற உதவிப்பணத்தில், வெல்பெயரில், இருக்கக்கூடாது. அதனால்தான் எட்வேட்டின் கடையை உடும்புப்பிடியாகப் பிடித்துக்கொண்டிருந்தார். இந்த வேலை போனால் எமில்டா வருகிறதும் போச்சு என்று அவருக்கு ஒரு பயம். இன்னொரு பயமும் இருந்தது, அதை அவர் யாருக்கும் சொல்லவில்லை. எமில்டாவின் குரல் நினைவில் இருந்தது, கை நினைவில் இருந்தது, முகம் மட்டும் மங்கிக்கொண்டு போனது. கலியாணப் படத்தைப் பார்த்தால் படத்தின் முகம் வருமே தவிர, தண்டைப் பிடித்துக்கொண்டு கண்ணைச் சுருக்குகிற அந்த முகம் வரவில்லை. வெளிச்சத்தில் கோதுகளைப் பிடித்து வெடிப்புப் பார்க்கிறபோது சில நாளில் அந்தச் சின்ன வளைவில் அவளைத் தேடியிருக்கிறார். அவருடைய மூக்குத்தான் தெரிந்தது. அழுகை வந்துவிடும். மூடிக்கட்டிய துணிக்குள் யாருக்குத் தெரியும்!

வேலையைப் பற்றி அவளுக்கும் "பித்தளை மினுக்கிறன்" என்றுதான் சொல்லியிருந்தார். ஒளிக்க வேண்டும் என்று இல்லை. கொழும்புக்கு டெலிபோன் எடுத்து ஒரு தமிழ் ஆள் துவக்கு, சன்னம், கோது என்று கதைத்தால் என்ன நடக்கும்? நடு லைனில் யார் காது வைத்திருக்கிறானோ! லொட்ஜுக்குப் போய் அவளையல்லவா எழுப்பிக் கேட்பார்கள். ஆகவே பித்தளை. "நல்லது," என்றாள் எமில்டா. "உரஞ்சுறதுக்கு நீங்கள் இருக்கிறியள், துடைக்கிறதுக்கு அங்க ஆர் இருக்கினம்?" இதைக் கேட்டு நாயகத்தார் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

தொண்ணூற்றேழாம் ஆண்டு ஏப்ரலில் ஒரு விடிகாலை ஃபோன் அடித்தது.

"இஞ்சேருங்கோ, விசா குத்திப்போட்டினம். வாற வெள்ளிக்கிழமை பிளைட்."

நாயகத்தார் "ஆ" என்றார். பிறகு இன்னொரு "ஆ". மூன்றாவது "ஆ" வருவதற்குள் அவளுடைய டெலிபோன் கார்ட்டில் காசு முடிந்து லைன் அறுந்துவிட்டது.

கூட இருந்த கஸ்பர் எழும்பி வந்து பார்த்தான். மச்சான் முறையான பெடியன், ராக்சி ஓட்டுகிறவன், வாய் சும்மா கிடக்காது. "என்ன அத்தான், பேயறைஞ்ச மாதிரி நிக்கிறியள்? அக்கா வாறாவோ? அப்ப முதல் வேலையா உந்தத் தாடியை வழியுங்கோ. இல்லையெண்டா எயார்போர்ட்டில வேற ஆளோட போயிடுவா."

அன்றைக்கு எட்வேட் வெளியூரில் ஒரு துவக்குக் கண்காட்சிக்குப் போயிருந்தார். போகும்போது, ஒரு சுடுகிற கிளப்பின் கோதுகளைச் சனிக்கிழமைக்குள் தயாராக்கச் சொல்லியிருந்தார். பெரிய றைபிள் கோதுகள், விரல் நீளம். மெஷின் தன் பங்கைச் செய்து முடித்தது. நாயகத்தார் அரித்து எடுத்துப் பார்த்தார். அதே மங்கல்.

வேறொரு நாளென்றால் பேசாமல் பெட்டியில் போட்டிருப்பார். அன்றைக்கு அந்த மனுசனுக்குக் கால் நிலத்தில் இல்லை. எமில்டா வருகிறாள்! பித்தளையை இப்படியா விடுவது? பக்கத்துச் சாமான் கடைக்குப் போய், ஊரில் வாங்குகிற அதே மாதிரி ரின் பொலிஷ் வாங்கி வந்தார். மூடியைத் திருகியதும் அந்த மணம் மூக்கைப் பிடுங்கியது. கண்ணில் நீர் வந்தது. மணத்தால் பாதி, மற்றப் பாதி வேறு. நிலத்தில் ஒரு மட்டையை விரித்து, சப்பாணி கட்டி இருந்து, உரஞ்சத் தொடங்கினார்.

மத்தியானம் சாப்பிடவில்லை. ஒவ்வொரு கோதும் அவருடைய கைக்குள் சூடாகி, கறுத்த பொலிஷ் கழன்று, உள்ளிருந்து மஞ்சள் ஏறி வந்தது. பாடத் தெரியாத மனுசன் பாடினார். வேலை முடிந்து அடுக்கி வைத்தபோது கடையின் பின்பக்கம் பீடம் போல எரிந்தது. அவருக்குத் தன் கையை நினைக்கப் பெருமையாக இருந்தது. எட்வேட் வந்து பார்த்தால் வாயைப் பிளப்பார் என்று நினைத்தார்.

எட்வேட் வந்தார். வாயைப் பிளக்கவில்லை. கதவடியிலேயே நின்று மூக்கைச் சுளித்தார்.

"என்ன மணம் இது?"

நாயகத்தார் சிரித்துக்கொண்டு ரின்னைக் காட்டினார். எட்வேட் அதை வாங்கி முகர்ந்தார். ஒரு கோதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் வெளிறியது. கத்துகிற மனுசன் அல்ல, அன்றைக்குக் கத்தினார். பிறகு ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார். இந்தப் பொலிஷில் அமோனியா இருக்கிறது. அந்த மணமே அதுதான். சுட்டு விரிந்து களைத்துப்போன பித்தளைக்குள் அமோனியா இறங்கினால், கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இற்றுப்போகும். வெளியே மினுங்கும். நிரப்பிச் சுட்டால் துவக்குக்குள்ளேயே பிளக்கும். சுடுகிறவனின் கன்னம் அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. கண்ணும்.

நாயகத்தார் அடுக்கின கோதுகளைத் திரும்பிப் பார்த்தார். தன் கையால் ஒருத்தனின் கண் போயிருக்கும் என்பது ஒரு பக்கம். வேலை போச்சு என்பது மறுபக்கம். ஏழு வருசம் காத்திருந்து வருகிறவள், வேலையில்லாத ஒருத்தனிடமா வந்து இறங்க வேண்டும்? வாடகை எப்படிக் கட்டுவது, அவளை எங்கே வைத்துப் பார்ப்பது? மன்னிப்புக் கேட்க இங்கிலீசு தேடினார், வரவில்லை. வந்தது ஒன்றுதான்.

"என்ர வைஃப் கமிங்," என்றார். "ஃப்ரைடே. செவென் இயர்ஸ்."

எட்வேட் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். அடுக்கி வைத்திருந்த கோதுகளைப் பார்த்தார். இந்த இரண்டுக்கும் என்ன தொடுப்பு என்று அவருக்கு விளங்கியிருக்க வழியில்லை. ஆனாலும் எழும்பிச் சுத்தியலை எடுத்து நாயகத்தாரின் கையில் கொடுத்தார்.

"எல்லாவற்றையும் தட்டையாக அடி. ஒன்றும் தவறி யார் கைக்கும் போகக்கூடாது. கிளப்புக்கு நான் பதில் சொல்கிறேன். நீ திங்கட்கிழமை வந்து மெஷினைத் தொடங்கு. மெஷின் மட்டும், கிறிஸ்!"

முகம் தெரிய வேண்டுமென்று மினுக்கியதை மினுக்கிய கையாலேயே அடித்து நசுக்குவது எவ்வளவு கொடுமை! அடித்தார். ஒவ்வொரு அடியிலும் வேலை தப்பியது என்று மனம் சொன்னது. கடைசியில் ஒரு கைப்பிடி மிஞ்சியபோது கை எழும்பவில்லை. "இதை வீட்டுக்குக் கொண்டுபோகட்டோ? மெழுகுதிரி வைக்க," என்று சைகையும் இங்கிலீசுமாகக் கேட்டார். எட்வேட் அலுத்துப்போய்க் கையை விசுக்கினார். "உன்னோடேயே இருக்கட்டும். கடைக்குத் திரும்பி வரக்கூடாது."

வெள்ளிக்கிழமை எயார்போர்ட்டுக்குக் கஸ்பரின் ராக்சியில் போனார். தாடி வழித்திருந்தார். கையில் எமில்டாவுக்கு வாங்கிய புதுக் கோட் இருந்தது. கண்ணாடிக் கதவு திறந்து திறந்து மூடியது. வந்தவர்களில் எமில்டாவை முதலில் அடையாளம் கண்டது கஸ்பர். "அத்தான், அந்தா அக்கா!" நாயகத்தார் அவளைத் தாண்டிப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

அரைவாசி மெலிந்திருந்தாள். முன்மயிர் நரைத்திருந்தது. கோட்டைப் போட்டபோது உள்ளே இன்னொரு ஆள் நிற்க இடமிருந்தது.

"பெரிசாப் போச்சு," என்றார்.

"பரவாயில்லை," என்றாள்.

ஏழு வருசமாகச் சேர்த்து வைத்த கதைகள் எங்கே போயின? காருக்குள் ஆளுக்கொரு யன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். கஸ்பர்தான் மூன்று பேருக்கும் சேர்த்துக் கதைத்தான். அவர்களை இறக்கிவிட்டு, "நான் இண்டைக்கு சிநேகிதன்ர வீட்டை படுக்கிறன்," என்று கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனான்.

நாயகத்தார் கதவைத் திறந்து, அவளை வாசலில் நிற்க வைத்துவிட்டு உள்ளே ஓடினார். மடு மாதா படத்துக்கு முன்னால் ஒரு பலகையில் அந்தக் கோதுகளை வரிசையாக ஒட்டி, ஒவ்வொன்றின் கழுத்துக்குள்ளும் மெல்லிய மெழுகுதிரி நட்டு வைத்திருந்தார். எல்லாவற்றையும் கொளுத்தினார். பித்தளை பொன்னாக எரிந்தது. "இனி வாரும்!" என்று கூப்பிட்டார்.

எமில்டா இரண்டு அடி வைத்தாள். நின்றாள். கை தானாகப் போய்ச் சுவரைப் பிடித்தது.

"இஞ்சேருங்கோ. உது என்ன?"

"மெழுகுதிரித் தண்டு. உமக்கெண்டு..."

"உது கோது," என்றாள். "அணையுங்கோ. முதல் அணையுங்கோ."

அப்போதுதான் நாயகத்தாருக்கு உறைத்தது. அட கடவுளே! தினமும் மினுக்கி மினுக்கி அவருக்கு அது வெறும் பித்தளையாகிப் போயிருந்தது. அவளுக்கு அது இன்னும் கோதுதான். ஒவ்வொன்றாக ஊதி அணைத்தார். தன்னைத் தானே அறைய வேண்டும் போல் இருந்தது. வேலையைப் பற்றி, எட்வேட்டைப் பற்றி, டெலிபோனில் சொல்லாமல் விட்டதைப் பற்றித் தட்டித் தடவிச் சொன்னார்.

அவள் கோட்டோடு கதிரையில் இருந்து கேட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "அங்க மடுவில விடிஞ்சா முதல் வேலை கூட்டுறதுதான். கொட்டிலைச் சுத்தி, பாதையில, எல்லா இடமும் கிடக்கும். பிள்ளையள் எடுத்து வாயில வைச்சிடுங்கள் எண்டு கூட்டி அள்ளுவன். கூட்டக் கூட்ட வேற கோது வந்து விழும்."

"ஆர் சுட்டது?"

"கோதில பேர் எழுதியிருக்கோ?" என்றாள். "நான் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிஞ்சனான், என்ர மனுசன் கனடாவிலயும் மாதாவின்ர விளக்குத்தான் மினுக்கிறார் எண்டு."

நாயகத்தாருக்கு வெட்கத்தில் தலை நிமிரவில்லை. "இதுகள் இனிச் சுடாது எமில்டா," என்றார். "ஒருநாளும் சுடாது. நான் பொலிஷ் போட்டுப் பழுதாக்கிப்போட்டன்." விசா வந்த நாள், ரின் பொலிஷ், எட்வேட் கத்தியது, சுத்தியல் எல்லாவற்றையும் சொன்னார்.

எமில்டா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயின் ஓரம் நெளிந்தது. "எங்கட பெருநாள் பொலிஷ் போட்டா கோது பழுதாகுமோ?"

"ஓம். உள்ளுக்கு இத்துப்போகும்."

"இதை ஏன் முதலே சொல்லேல்லை?" என்றாள். சிரிப்பு வெடித்துவிட்டது. "ஒரு ரின் அனுப்பியிருந்தால் காணுமே! நான் அங்க இருந்து மடு முழுக்க உரஞ்சியிருப்பனே! எல்லாத்தையும்... ஒண்டும் விடாமல்..." சிரித்த சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று நாயகத்தாருக்குத் தெரியவில்லை. அந்தப் பெரிய கோட் குலுங்கியது. அவர் கிட்டப் போய்ப் பக்கத்தில் நிலத்தில் சப்பாணி கட்டி இருந்தார். தொடலாமா என்று தெரியவில்லை. கையை அவள் கால் பெருவிரலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

நேரம் போனது. அவள் மூக்கைத் துடைத்துவிட்டு எட்டி ஒரு கோதைப் பலகையிலிருந்து பிடுங்கினாள். மெழுகைச் சுரண்டினாள். கோட்டின் கைநுனியால் அழுத்தித் துடைத்தாள். பிறகு முகத்துக்கு நேரே பிடித்துக் கண்ணைச் சுருக்கினாள்.

நாயகத்தார் நிமிர்ந்து பார்த்தார். ஏழு வருசம் எந்த வளைவிலும் வராத முகம் அதுதான்.

"ஒண்டும் தெரியேல்லை," என்றாள் எமில்டா. "மூக்குத்தான் தெரியுது."

"சின்னச் சாமான். அதில முகம் தெரியாது."

"தெரியாதெண்டு தெரிஞ்சுகொண்டோ உப்பிடி உரஞ்சினனீங்கள்?"

"ஓம்."

"சாப்பிடாமல்?"

"ஓம்."

முகம் தெரியாமல் ஒருநாளும் விட்டுக்கொடுக்காத அந்த மனுசி, கோதை அவருடைய உள்ளங்கையில் வைத்து மூடினாள். வழித்த கன்னத்தில் ஒருமுறை தடவிப் பார்த்தாள்.

"காணும்," என்றாள். "எழும்புங்கோ. காணும்."